மழலையர் மாண்பை உணர்த்திய மொண்டிசோரி அம்மையார்

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தெய்வத்தைக் கொண்டாடும் முறையை நாம் நன்கறிவோம். விழா எடுக்கின்றோம், தேர் இழுக்கின்றோம், காவடி ஆடுகின்றோம். குழந்தையைக் கொண்டாடும் முறை யாது? நல்லாடை உடுத்திப் பொட்டிட்டு மகிழ்வதோடு அது முடிந்துவிடுகின்றதா? மூன்று வயது நிரம்புமுன் பிஞ்சுக் கையிலே பென்சிலைத் திணித்து, கொப்பியின் முன்னே உட்கார வைப்பதுதான் அதன் எதிர்காலத்தில் நாம் காட்டும் அக்கறையா?

இவ்வினாக்களுக்கு விடை தேடி நாற்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலர் வாயிலாக நம் இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். மரியா மொண்டிசோரி அம்மையார் நம் நாட்டவர் அல்லர். நம் சமயத்தவரும் அல்லர். ஆயினும் அவர் கண்ட கல்விமுறை பிறந்த இடம் மாளிகையன்று. நம் லயங்களைப் போன்றதொரு தொழிலாளர் குடியிருப்பு. அவர் பல ஆண்டுகள் தமிழ் மண்ணிலே வாழ்ந்தார். நம் இலங்கைக்கும் வந்து பாடம் சொன்னார். இன்று மொண்டிசோரி என்றதும் பணம் படைத்தோர் பிள்ளைகள் சீருடையணிந்து செல்லும் நகரத்துப் பள்ளியே பலர் நினைவுக்கு வருகின்றது. அந்த நினைவு எத்துணை பிழையானது என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டும்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31ஆம் திகதி மரியா பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகத்தர். தாயார் ரெனில்டே புத்தகம் படிப்பதில் பெருவிருப்புக் கொண்டவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோமாபுரியில் குடியேறிற்று.

பெண் கற்றால் ஆசிரியையாகலாம். அதற்கு மேல் அவளுக்கு வழியில்லை என்று எண்ணிய காலம் அது. மரியாவோ கணிதத்தில் நாட்டங்கொண்டு, பதின்மூன்றாம் வயதிலே ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்தார். எந்திரவியலாளர் ஆகவேண்டும் என்ற எண்ணம் பின்னர் மாறி, வைத்தியராக வேண்டும் என்ற உறுதி பிறந்தது. தந்தையார் தடுத்தார், தாயார் துணை நின்றார். வைத்தியக் கல்லூரியிலோ ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணவறையிற் பயில்வது பெண்ணுக்குத் தகாது என்று விதித்தனர். ஆகவே எல்லாரும் சென்றபின் தன்னந்தனியாக அங்கிருந்து பயின்றார். 1896ஆம் ஆண்டில் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் சிலருள் ஒருவரானார்.

வைத்தியர் ஆசிரியரானார்

பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பகுதியில் பணியாற்றிய காலத்தில், மூளை வளர்ச்சி குன்றிய சிறுவர்கள் பித்தர்களோடு ஒன்றாக அடைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். அச்சிறுவர்கள் உணவு முடிந்ததும் தரையில் விழுந்து கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினர். காவற்காரிக்கு அது பேராசையாகத் தோன்றிற்று. மரியாவோ அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறுஞ்சுவர், வெறுந்தரை. கையாற் பிடித்துப் பார்க்க அவ்வறையில் வேறெதுவும் இல்லை. வயிற்றுப் பசியன்று, கைகளின் பசியே அவர்களைத் தரையில் தவழச் செய்தது என்று தெளிந்தார். அவர் வாழ்க்கையின் திருப்புமுனை இது எனலாம்.

இத்தகைய சிறுவருக்காகத் தமக்கு முன் பாடுபட்ட இத்தார், செகுவான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவரின் நூல்களை அவர் ஊன்றிக் கற்றார். தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிப் பயின்றார். 1900ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு சிறப்புப் பாடசாலையின் பொறுப்பை ஏற்று, பகல் முழுதும் சிறுவரோடு இருந்து, இரவிலே குறிப்பெழுதினார். கல்வி ஏறாது என்று கைவிடப்பட்ட அச்சிறுவர் சிலர் மற்றைப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையில் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரின் சிந்தனையோ வேறு திசையிற் சென்றது. குறைபாடுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரக்கூடுமானால், நல்ல உடல்நலமும் அறிவும் உள்ள பிள்ளைகள் அவர்களோடு சமமாக நிற்பதேன்? சாதாரணப் பாடசாலைகள் அவர்களை எங்கே தடுத்து நிறுத்துகின்றன?

இக்காலத்தில் அவருடைய சொந்த வாழ்விலும் பெருந்துயர் நேர்ந்தது. உடன் பணிபுரிந்த வைத்தியர் ஒருவர் மூலம் 1898ஆம் ஆண்டு அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நிறைவேறவில்லை. அக்காலத்துச் சமூகத்திற்கு அஞ்சிக் குழந்தையை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்க்க விட்டனர். தாயார் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். தம் அன்னையார் 1912இல் காலமான பின்னரே, ஏறத்தாழப் பதினைந்து வயது நிரம்பிய மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தாயாக நின்றவர் தாம் பெற்ற குழந்தையின் மழலையை அருகிருந்து கேட்கப் பெறவில்லை. பிள்ளையைப் பிறர் கையில் விட்டு வேலைக்குச் செல்லும் தாயின் மனம் எப்படியிருக்கும் என்பதை அவர் நூலிலே படித்தவர் அல்லர்.

ஒரு குடியிருப்பில் ஓர் அறை

ரோமாபுரியில் சன் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே பாழடைந்து கிடந்த கட்டடங்களை ஒரு கம்பனி வாங்கித் திருத்தித் தொழிலாளர் குடும்பங்களைக் குடியமர்த்திற்று. தாய் தந்தையர் காலையில் வேலைக்குச் செல்வர். பெரிய பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வர். பள்ளி செல்லும் வயதடையாத சிறுவர் மாத்திரம் மாடிப்படிகளிலும் முற்றத்திலும் அலைந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கெடுத்தனர். சுவரைக் காப்பாற்ற வேண்டுமென்று கருதிய கம்பனி, அச்சிறுவரை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்து, மேற்பார்வைக்கு மொண்டிசோரி அம்மையாரை அழைத்தது.

அன்பர்களே, இவ்வரலாற்றை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும்போது பிள்ளைகளை விட்டுச் செல்வதற்கென நம் தோட்டங்களில் எழுந்த பிள்ளைக் காம்பராவும் இதே தேவையினின்று பிறந்ததன்றோ? தாயின் கை வேலைக்கு வேண்டும். பிள்ளையின் தொல்லை இருக்கலாகாது. இரண்டிடத்திலும் கணக்கு ஒன்றே. சன் லொரென்சோவில் அக்கணக்கை மாற்றியவர் அம்மையார். பிள்ளைகளை அடைத்து வைக்கும் அறையைப் பிள்ளைகளின் சொந்த வீடாக ஆக்கினார். குழந்தைகள் இல்லம் என்று அதற்குப் பெயரும் வந்தது. அது திறக்கப்பட்ட நாள் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி.

ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அழுத முகமும் அஞ்சிய பார்வையும் கொண்டவர்கள். ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண்ணே அவர்களுக்குப் பொறுப்பாளர். நம் ஆயம்மாவைப் போன்றவர் என்று கொள்ளலாம். அப்பெண்ணுக்கு அம்மையார் இட்ட கட்டளை எளியது: பொருள்களை எப்படிக் கையாள்வது என்று பிள்ளைக்குக் காட்டு, பின்பு விலகி நின்று பார், பார்த்ததை என்னிடம் சொல்.

குழந்தைகள் கற்பித்த பாடம்

பார்க்கப் பார்க்கப் புதுமைகள் வெளிப்பட்டன. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையிலுள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார் அம்மையார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், யாரும் சொல்லாமலே நிறுத்தி, நித்திரை விட்டெழுந்தவள் போல் மலர்ந்த முகத்துடன் சுற்றும் பார்த்தாள். குழந்தைக்கு ஒன்றில் மனம் நிலைக்காது என்னும் பழைய எண்ணம் அன்றோடு பொய்த்தது. தக்க பொருள் கைக்குக் கிட்டினால் குழந்தையின் மனம் யோகியின் மனம் போல் ஒருமைப்படும்.

இன்னொரு நாள் பொறுப்பாளப் பெண் அலுமாரியைப் பூட்ட மறந்தாள். காலையில் வந்தபோது பிள்ளைகள் தாங்களே பொருள்களை எடுத்து வேலையில் ஈடுபட்டிருந்தனர். அவளோ திருட்டு என்று கருதினாள். அம்மையாருக்கு அது தெரிவு என்று விளங்கிற்று. எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்பதும், இன்று தமக்கு வேண்டியது எது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அன்று முதல் உயரமான அலுமாரி போய், பிள்ளையின் கைக்கெட்டும் தாழ்ந்த திறந்த தட்டுகள் வந்தன.

ஒருமுறை அவர் மூக்கைச் சிந்தித் துடைக்கும் முறையைப் பாடமாக நடத்திக் காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்கள் கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கொழுகும் பிள்ளை என்று நாள்தோறும் ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். ஏசியவர் பலர், எப்படித் துடைப்பது என்று மரியாதையோடு சொல்லிக் கொடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை. குளிரும் மழையும் மிகுந்த நம் மலைநாட்டிலே இந்நிகழ்ச்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குழந்தையின் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. அதுவே அதன் வேலை. வளர்ந்தவர் ஒரு பயனை நோக்கி வேலை செய்கின்றனர். குழந்தையோ தன்னைத்தானே ஆக்கிக்கொள்வதற்காக வேலை செய்கின்றது. அம்மையார் கண்ட தத்துவத்தின் சாரம் இதுவே.

நம் தமிழ்ப் புலவர்களும் இதனை வேறு வகையில் உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவதாகும். செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடையிட்டு வருதல், நிலவை அழைத்தல், மணல்வீடாகிய சிற்றில், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல் என்று அவை விரியும். பெண் குழந்தைக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும் உரியன. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வோர் ஆட்டம். கை, கால், கண், செவி, மனம் ஆகியன எந்த ஒழுங்கில் மலர்கின்றன என்று கண்டன்றோ இவ்வாறு அமைத்தனர்? தெய்வத்தையே விளையாடும் குழந்தையாக்கிப் பாடிய மரபில் வந்த நாம், விளையாடும் குழந்தையைப் படிக்காத பிள்ளை என்று கடிந்துகொள்வது பொருந்துமா?

எழுத்து வந்த வழி

இந்த இடத்திலே பெற்றோர் ஒரு கேள்வி எழுப்புவர். விளையாட்டு நல்லதுதான், எழுத்து எப்போது வரும்? சன் லொரென்சோத் தாய்மாரும் இதையே கேட்டனர். அவர்களிற் பலர் எழுத்தறியாதவர். தம் பிள்ளைகளாவது எழுதப் படிக்க வேண்டுமென்று மன்றாடினர். அத்தனை சிறிய வயதில் எழுத்து வேண்டாம் என்றே அம்மையார் முதலில் எண்ணியிருந்தார். ஆனால் அத்தாய்மாரின் ஆசையை அவர் அலட்சியம் செய்யவில்லை. ஏழைத் தாய் எழுத்தை விரும்புவது பேராசையன்று. தான் பட்ட துன்பத்தைத் தன் பிள்ளை படலாகாது என்னும் ஏக்கம் அது. அவர் அந்த ஏக்கத்தை மதித்து, வழியை மாத்திரம் மாற்றினார்.

மரத்தில் எழுத்துகள் செதுக்குவிக்க விரும்பினார். செய்து தருவார் கிடைக்கவில்லை. அதனால் அட்டையிலும் உப்புத்தாளிலும் எழுத்துகளை வெட்டி ஒட்டினார். பிள்ளைகள் அந்தச் சொரசொரப்பான வடிவத்தின்மேல் விரலை ஓட்டி, அதன் ஒலியைச் சொல்லிச் சொல்லி விளையாடினர். விரலுக்கு வடிவம் பழகிற்று. செவிக்கு ஒலி பழகிற்று. அதே வேளையில் சிறு பொருள்களைப் பிடித்து எடுத்து வைத்த விளையாட்டுகளால் பென்சில் பிடிக்கும் விரல்கள் உறுதி பெற்றன. சில மாதம் சென்றபின், ஒரு மார்கழி நாளில், வெளியிலே பிள்ளைகளோடு அமர்ந்திருந்த அம்மையார், ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் வெண்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். பின்பு திடீரென்று ஒரு சொல்லை எழுதினான். எழுதியதைக் கண்டு தானே திகைத்துக் கூவினான். மற்றப் பிள்ளைகளும் வெண்கட்டி கேட்டு ஓடி வந்து தரையெல்லாம் எழுதத் தொடங்கினர். எழுத்து திணிக்கப்படவில்லை, பழம் கனிந்து விழுவது போல் தானாக வந்தது.

விஜயதசமி நாளில் ஏடு தொடக்கும் நம் வழக்கத்தை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து அகரத்தை எழுதுவிக்கின்றோம். அக்காலத் திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரலால் எழுதியே பிள்ளைகள் கற்றனர். எழுத்து முதலில் விரலுக்கே உரியது என்பதை நம் பெரியோரும் அறிந்திருந்தனர். நாமோ விஜயதசமியன்று அரிசியில் எழுதுவித்துவிட்டு, மறுநாளே ஒற்றைக்கோட்டுக் கொப்பியைக் கையில் கொடுத்துவிடுகின்றோம். அரிசித் தட்டு ஒரு நாட் சடங்காக நின்றுவிடாமல், ஓராண்டு விளையாட்டாக நீடிக்குமாயின் எவ்வளவு நன்றாயிருக்கும்!

புகழும் சோதனையும்

அம்மையாரின் முதல் நூல் 1909இல் வெளிவந்தது. 1912இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டதும் உலகம் ரோமாபுரியை நோக்கிற்று. 1913இல் அனைத்துலக ஆசிரியப் பயிற்சி வகுப்பொன்று அங்கே நடைபெற்றது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு வகுப்பே நடத்திக் காட்டப்பட்டது.

புகழோடு கண்டனமும் வந்தது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914இல் எழுதிய நூலில், அம்மையாரின் கருவிகள் குழந்தையின் கற்பனைக்குப் போதிய இடந்தரவில்லை என்று குறை கூறினார். இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. கற்பனைக் கதையிலும் வேடம் போட்டு ஆடும் ஆட்டத்திலும் அம்மையாருக்கு அத்துணை நாட்டமில்லை. குழந்தை பாவனையாகக் கடை வைப்பதும், அம்மா அப்பா ஆட்டம் ஆடுவதும் மொழியையும் உறவையும் வளர்க்கும் என்று பிற்காலக் கல்வியாளர் வற்புறுத்தினர். நல்ல முன்பள்ளியில் இரண்டுக்கும் இடமுண்டு.

அரசியலும் அவரை விடவில்லை. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தொடக்கத்தில் அவர் பள்ளிகளை ஆதரித்தான். அவரும் அவ்வாதரவை ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளை அரசுக்குப் படையாக்க அவ்வாட்சி முனைந்தபோது முறிவு ஏற்பட்டது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. அவர் வாழ்ந்த ஸ்பெயினிலோ 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் நீங்கி ஒல்லாந்தில் தஞ்சம் புகுந்தார்.

இதற்கிடையே, 1931ஆம் ஆண்டு வட்டமேசை மகாநாட்டுக்கு இலண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தியடிகள் அம்மையாரின் பயிற்சிக் கல்லூரிக்கு வருகை தந்தார். உலகில் உண்மையான அமைதி வேண்டுமாயின் குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று அங்கே அவர் எடுத்துரைத்தார். இக்கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாத்திரமன்றி, ஏழை எளியவரின் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டுமென்ற தம் நம்பிக்கையையும் தெரிவித்தார்.

அடையாறு, கொடைக்கானல், கொழும்பு

1939ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பது வயதில் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்கு வந்து கூடினர். சில மாதங்களுக்குள் இத்தாலி போரில் இறங்கிற்று. பிரித்தானிய அரசுக்கு அவர்கள் பகை நாட்டவராயினர். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தனர். அம்மையாரையோ அடையாற்று எல்லைக்குள் இருக்கப் பணித்தனர். 1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று மகனை விடுதலை செய்வதே தக்க பரிசு என்று வைஸ்ராயிடமிருந்து செய்தி வந்தது. அதுவரை உலகுக்கு உறவினன் என்றே அறிமுகப்படுத்தப்பட்ட மரியோ, மகன் என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட தருணம் அது. நாற்பது ஆண்டு மறைத்த உறவு தமிழ் மண்ணில் ஒளி கண்டது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையிலே வாழ்ந்தார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளியொன்று நடந்தது. செடி, கொடி, இலை, பூச்சி, கல் எல்லாம் பாடமாயின. இயற்கை முழுவதையும் ஒன்றாகக் காணும் அவருடைய பிற்காலக் கல்விச் சிந்தனை அம்மலையிலேதான் செழித்தது. அப்பணியில் துணை நின்றவருள் ஒருவர் நம் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்னும் பெண்மணியார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1944இல் அம்மையார் கொழும்புக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அதன்பின் மொண்டிசோரி என்பது நம் நாட்டில் பாலர் பள்ளிக்கே பெயராக வழங்கலாயிற்று. ஆயினும் அது நகரங்களில் தழைத்த அளவு, அது பிறந்த இடத்தை ஒத்த லயங்களிலே தழைக்கவில்லை.

இந்தியாவிலே இக்குறையைத் தீர்க்க முயன்றோர் உண்டு. குஜராத்தில் வழக்கறிஞர் தொழிலை விடுத்துக் குழந்தைக் கல்விக்கு வந்த கிஜுபாய் பதேகா, 1920இல் பாவ்நகரில் பாலமந்திர் நிறுவினார். அவருடன் பணிபுரிந்த தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டியிற் பணி தொடங்கினார். பிள்ளை பள்ளிக்கு வராவிடில் பள்ளி பிள்ளையின் முற்றத்துக்குச் செல்லட்டும் என்பது அவர் கொள்கை. அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாக விதை, இலை, சோகி, மண் ஆகியவற்றைப் பயன்படுத்தினார். அம்மையாரின் கருத்தைக் காத்து, கருவியை மாத்திரம் ஊருக்கேற்ப மாற்றிய பெருமை அவருடையது.

1946இல் ஐரோப்பா திரும்பிய மொண்டிசோரி அம்மையார் 1947இல் மீண்டும் வந்து, 1949இல் இறுதியாக விடைபெற்றார். அவ்வாண்டிலேதான் பிறந்த நாள் முதல் குழந்தையின் உள்ளம் உலகை எவ்வாறு உறிஞ்சிக்கொள்கின்றது என்று விளக்கும் அவர் நூல் சென்னையில் அச்சேறிற்று. 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி ஒல்லாந்தின் நோர்ட்விக் என்னும் கடலோர ஊரில், எண்பத்தோராம் வயதில் உயிர் நீத்தார்.

நாள் வேலையை வகுக்கும் முறை

அம்மையாரைப் போற்றுவது எளிது. அவர் முறையைக் கைக்கொள்வதே கடமை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் பெயர் பெற்றுள்ளன. முன்பள்ளிகளும் நடைபெறுகின்றன. அங்கே பணிபுரியும் நம் சகோதரிகளுக்கு உதவும் வண்ணம் சில சொல்வோம்.

முதலாவது, திட்டம் பிள்ளையைப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவன் ஓயாது தண்ணீரில் அளைகின்றான் என்றால், அவனுக்கு ஊற்றும் விளையாட்டு வேண்டும் என்பது பொருள். இரண்டு கோப்பைகளைத் தட்டில் வைத்து, முதலிற் பயறு, பழகியபின் தண்ணீர் ஊற்றக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஒரு பொருள் ஒரு பாடத்தையே சொல்லட்டும். நீளத்தைக் காட்டுவதாயின் பருமன் மாறலாகாது. அம்மையார் பத்துக் கோல்கள் செய்தார். சிறியது பத்துச் சென்றிமீற்றர், பெரியது ஒரு மீற்றர். நம் தோட்டத்து மூங்கிலிலே இவற்றை வெட்டிக்கொள்ளலாம். எண்ணும் அளவும் ஒருங்கே விளங்கும்.

மூன்றாவது, பிழையைப் பொருளே காட்டிக்கொடுக்கட்டும். சிந்திய பயறு தானே தெரியும்; பொருந்தாத மூடி தானே சொல்லும். ஆசிரியை பிழை பிழை என்று கூவ வேண்டியதில்லை. சிந்தியதைக் கூட்டச் சிறு விளக்குமாறு பக்கத்தில் இருந்தாற் போதும்.

நான்காவது, மெல்லக் காட்டு, குறையப் பேசு. பெயர் சொல்லிக் கொடுக்கச் செகுவான் வகுத்த மூன்று படிகள் உண்டு. இது கொழுந்து, இது முற்றிய இலை என்று சொல்வது முதற்படி. கொழுந்தை எடுத்துத் தா என்று கேட்பது இரண்டாம் படி. கையிலெடுத்து இது என்ன என்று வினவுவது மூன்றாம் படி. மூன்றாவதில் பிள்ளை தடுமாறினால் ஏசாமல் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, நேரம் கொடு. மணிக்கு மூன்று பாடம் என்று துண்டு போடாமல், காலைப் பொழுதின் பெரும்பகுதியைத் தெரிந்தெடுத்துச் செய்யும் வேலைக்கு விட வேண்டும். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒன்றாக இருப்பதில் தீங்கில்லை. பெரியது சிறியதற்குக் கற்பிக்கும்.

படங்குச் சாக்கு, பட்டுத்துணி, துவாய் ஆகியவற்றைக் கண்மூடித் தடவி அறிதல், தகர டப்பாக்களில் அரிசி, மணல், கூழாங்கல் இட்டு ஒலியால் இணை சேர்த்தல், பழைய சட்டையில் பொத்தான் பூட்டல், கோலமாவால் இட்ட கோட்டின்மேல் தளும்பாமல் தண்ணீர் ஏந்தி நடத்தல், பல்லாங்குழி, கைகோத்துச் சுற்றும் ஆட்டம், பெட்டிக்கடை ஆட்டம். இவற்றில் எதற்கும் கடையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று மாத்திரம் கவனிக்கத்தக்கது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கையில் பயறு, விதை, பொத்தான் போன்ற சிறு பொருள்களைக் கொடுத்தலாகாது. வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளும் அபாயமுண்டு.

பொழுது சாயும்போது, எந்தப் பிள்ளை எதைத் தெரிந்தெடுத்தது, எவ்வளவு நேரம் ஈடுபட்டது என்று இரண்டு வரி எழுதி வைத்தால், அதுவே மறுநாள் வேலைக்குத் திட்டமாகும்.

நம் கடமை

பொல்பிட்டியவிலும் நோர்ட்டனிலும் மலையருவி நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஆற்றலை அறிந்து வழி செய்து கொடுத்தபின் அது நாட்டுக்கு ஒளி தந்தது. நம் லயத்துக் குழந்தைகளின் ஆற்றலும் அத்தகையதே. இல்லாததைப் புகுத்துவதன்று கல்வி. இருப்பதற்கு வழி விடுவதே கல்வி.

இளைஞர்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை மூங்கில் வெட்டவும், இரண்டு பலகையில் பிள்ளையின் கைக்கெட்டும் தட்டு அடிக்கவும் நம்மால் இயலும். பெரியோர்களே! பல்லாங்குழியும் பழங்கதையும் உங்களிடம் உள்ளன. வாரம் ஒருநாள் முன்பள்ளிக்குச் சென்று அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தாய்மார்களே! உங்கள் பிள்ளை இன்று கொப்பியில் என்ன எழுதிற்று என்று கேட்பதோடு, இன்று கையால் என்ன செய்தது என்றும் கேளுங்கள். எழுத்து வரும், தவறாமல் வரும்.

தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில் 1907இல் ஏற்றப்பட்ட விளக்கு உலகெலாம் சுற்றி வந்துவிட்டது. அது நம் லயத்து இஸ்தோப்பிலும் எரிய வேண்டும். ஏற்றி வைப்பது நம் கையில் இருக்கின்றது.